ஐந்து லட்சமும் ஒரு சிறுநீரகமும்

குடும்ப அட்டையையும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சேர்ந்துவிட்டால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்குக் கைக்காசு போட வேண்டாம். இதற்காகத் தமிழக அரசு யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குக் கட்டும் பிரீமியம், 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தப்படி, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய்.

849 ரூபாய் வாங்கிக்கொண்டு 5 லட்சம் வரை கொடுப்பது எப்படிக் கட்டுப்படியாகிறது?

இதைவிடக் கடினமான இன்னொரு கேள்வியும் உண்டு. திண்டிவனத்தில் ஒரே தெருவில் வசிக்கும் இருவரிடம் இதே அட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு சில நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார். மற்றவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கும் அட்டையில் இடம் உண்டு. ஆனாலும் அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். செலவை ஏற்க அரசு தயாராக இருந்தும் அவருக்கு ஏன் சிகிச்சை கிடைக்கவில்லை?

முதல் கேள்வி பணத்தைப் பகிர்வது பற்றியது. இரண்டாவது, பற்றாக்குறையாக இருக்கும் பொருளைப் பங்கிடுவது பற்றியது. இரண்டுக்கும் விடைகள் வேறு. தேர்தல் மேடைகளில் ‘எத்தனை லட்சம் காப்பீடு’ என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டையும் அடைத்துவிடுகிறோம். அதனால் நாம் கேட்க வேண்டிய பாதிக் கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன.

சீட்டும் காப்பீடும்

ஏலச்சீட்டு தெரியாத ஊர் தமிழகத்தில் இல்லை. இருபது பேர் மாதாமாதம் பணம் போடுவார்கள். மாதம் ஒருவர், ஏலத் தள்ளுபடி போக, சேர்ந்த தொகையை எடுப்பார். பலரின் சிறு தொகைகள் சேர்ந்து ஒருவரின் பெருஞ்செலவைத் தாங்குகின்றன. காப்பீட்டின் அடிப்படையும் இதுதான். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. சீட்டில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரு முறை பணம் வந்தே தீரும். காப்பீட்டில் பெரும்பாலோருக்குப் பணம் வரவே வராது. அவர்கள் அந்த ஆண்டு நோயில்லாமல் இருந்தார்கள் என்று பொருள். அவர்கள் எடுக்காத தொகைதான் நோயில் விழுந்தவரைக் காப்பாற்றுகிறது. இதை ‘இடர்ப் பகிர்வு’ என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 589 குடும்பங்களின் பிரீமியத்தைச் சேர்த்தால் 5 லட்சம் வந்துவிடும். முழுத் தொகையையும் ஒரே ஆண்டில் செலவிடும் குடும்பம் மிகவும் அரிது. உதாரணத்துக்கு, 100 குடும்பங்களில் 4 குடும்பங்களுக்குத் தலா 20,000 ரூபாய் மருத்துவச் செலவு வருவதாகக் கொள்வோம். மொத்தச் செலவு 80,000. வசூலான பிரீமியம் 84,900. கட்டுப்படியாகிவிட்டது.

ஆனால் அந்த நாலு என்ற எண்ணை எப்படி நம்புவது? 100 குடும்பங்கள் மட்டும் உள்ள ஒரு சிற்றூர் தனியாக இப்படி நிதி சேர்த்தால், ஓராண்டு ஒருவருக்கும் நோய் வராமல் போகலாம்; அடுத்த ஆண்டு எட்டுக் குடும்பங்களுக்கு வரலாம். அந்த ஆண்டில் நிதி காலியாகிவிடும். 10,000 குடும்பங்கள் சேர்ந்தால் எதிர்பார்ப்பு 400. உண்மையில் வருவது பெரும்பாலும் 360-க்கும் 440-க்கும் இடையில் நிற்கும். ஒரு கோடிக் குடும்பங்கள் என்றால் எதிர்பார்ப்பு 4 லட்சம்; அதிலிருந்து விலகல் ஏறத்தாழ ஆயிரத்துச் சொச்சம்தான். அதாவது, ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஒரு கோடிக் குடும்பங்களில் எத்தனைக்கு நேரும் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் யாக்கோபு பெர்னூலி நிறுவி, அவர் மறைவுக்குப் பின் 1713-இல் நூலாக வெளிவந்த இந்த உண்மைக்குப் ‘பெரும் எண்களின் விதி’ என்று பெயர். தமிழகத் திட்டத்தில் ஏறக்குறைய 1.37 கோடிக் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பெருக்கம்தான் 849 ரூபாயின் வலிமை.

இந்த விதி வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. ஒருவருக்கு நோய் வருவதும் இன்னொருவருக்கு வருவதும் தொடர்பில்லாமல் தனித்தனியாக நிகழ வேண்டும். எல்லோருக்கும் ஒரே வேளையில் வந்தால் கணக்கு உடைந்துவிடும். இந்த நிபந்தனை பிறகு நமக்குத் தேவைப்படும்.

விரும்பியவர் மட்டும் சேர்ந்தால்

இவ்வளவு எளிது என்றால், விருப்பமுள்ளவர்கள் தாங்களே 849 ரூபாய் கட்டிச் சேரட்டும் என்று விட்டுவிடலாமே? அப்படி விட்டால் யார் முதலில் வருவார்கள்? நெஞ்சுவலி உள்ளவர், சர்க்கரை முற்றியவர், வீட்டில் புற்றுநோயாளி இருப்பவர். திடமான உடம்போடு இருக்கும் இளைஞர் ‘எனக்கு எதற்கு’ என்று நகர்ந்துவிடுவார். நூற்றில் நாலு என்றிருந்த கணக்கு நூற்றில் இருபதாகும். பிரீமியத்தை உயர்த்த வேண்டி வரும். உயர்த்தியதும், சேர்ந்தவர்களில் ஓரளவு நலமாக இருப்பவர்களும் விலகுவார்கள். மறுபடியும் உயர்த்த வேண்டும். இப்படியே போனால் கடும் நோயாளிகள் மட்டும் எஞ்சுவார்கள். அவர்களால் கட்ட முடியாத விலையில் திட்டம் நின்றுபோகும்.

இதைப் ‘பாதகத் தேர்வு’ என்று சொல்லலாம். தன் உடல்நிலை வாங்குபவருக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது; அந்தத் தகவல் ஏற்றத்தாழ்விலிருந்து பிறக்கும் சிக்கல் இது. மருத்துவச் சந்தை மற்றச் சந்தைகளைப் போல ஏன் இயங்குவதில்லை என்று 1963-இல் கென்னத் ஆரோ எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கே கால்கோள். 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பாதகத் தேர்வின் இயக்கத்தைத் தெளிவாக்கினார். இருவரும் பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள். ஏட்டுக் கதை அல்ல இது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் ஊழியர்களின் காப்பீட்டுக் கட்டண முறையை 1995-இல் மாற்றியபோது, தாராளமான சலுகைகள் கொண்ட திட்டத்திலிருந்து இளையவர்களும் நலமாக இருந்தவர்களும் விலகினார்கள். அந்தத் திட்டம் மூன்றே ஆண்டுகளில் மூடப்பட்டது.

தமிழகம் இந்தச் சுழலில் சிக்காததற்குக் காரணம் எளியது. வருமான வரம்புக்குள் இருக்கும் குடும்பங்களுக்கெல்லாம், நோய் உண்டா இல்லையா என்று கேட்காமல், அரசே பிரீமியம் கட்டிவிடுகிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோதும், 2012 ஜனவரியில் இன்றைய திட்டம் வந்தபோதும், 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. வருமான வரம்புக்குச் சற்று மேலே நிற்பவர்கள்தான் இதில் விடுபட்டவர்கள். ஏழை என்ற கணக்கில் வராமலும், தனியார் காப்பீடு வாங்க வசதியில்லாமலும் நாட்டில் ஏறத்தாழ 40 கோடிப் பேர் இருப்பதாக நிதி ஆயோக் 2021-இல் மதிப்பிட்டது. அவர்களைப் பாதுகாப்பது அடுத்த பெரிய வேலை.

இலவசம் என்றால் வீணாகுமா?

காசு கொடுக்க வேண்டாம் என்றால் தேவையில்லாமலும் மருத்துவமனைக்குப் போவார்கள் என்ற அச்சம் பழையது. இதை ‘மிகைநுகர்வு இடர்’ என்று குறிப்போம். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை இதைச் சோதித்துப் பார்த்தது. ஆயிரக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். தாங்களும் காசு போட வேண்டியிருந்தவர்கள் மருத்துவத்தைக் குறைவாகவே நாடினார்கள். ஆனால் தேவையற்ற சிகிச்சையை மட்டும் அவர்கள் குறைக்கவில்லை. அவசியமானதையும் சேர்த்தே குறைத்தார்கள். இலவசப் பிரிவில் இருந்த ஏழைகளுக்கு ரத்த அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. நோயாளியிடம் காசு கேட்டால் வீண்செலவு மட்டும் நிற்கும் என்ற நம்பிக்கை அங்கேயே அடிபட்டது.

அதனால்தான் தமிழகத் திட்டம் கடிவாளத்தை மருத்துவமனையின் பக்கம் போடுகிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகுப்புக் கட்டணம் நிர்ணயித்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் ஆவணங்களை அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். ‘அப்ரூவல் வந்துவிட்டதா’ என்று நோயாளியின் உறவினர்கள் கேட்டுக்கொண்டு நிற்பது இதற்காகத்தான். தொகுப்புக் கட்டணத்துக்கும் பக்கவிளைவு உண்டு. எந்தச் சிகிச்சையில் லாபம் அதிகமோ அதை அதிகம் செய்யவும், லாபமில்லாத நோயாளியைத் தட்டிக்கழிக்கவும் அது ஆசை காட்டும். கண்காணிப்பு இல்லாத காப்பீடு, நோயைவிட்டுவிட்டுக் கட்டணப் பட்டியலைப் பார்த்து வைத்தியம் செய்யும்.

பலன் உண்டு என்று எப்படித் தெரியும்?

காப்பீடு வந்த பிறகு சாவுகள் குறைந்தன என்று சொன்னால் போதாது. அதே ஆண்டுகளில் சாலைகள் மேம்பட்டிருக்கலாம், வருமானம் கூடியிருக்கலாம். காப்பீட்டின் பங்கை மட்டும் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல வாய்ப்பு கர்நாடகத்தில் அமைந்தது. வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ திட்டம் 2010-இல் முதலில் மாநிலத்தின் வடபகுதியில் மட்டும் தொடங்கியது. திட்டம் வந்த பகுதிக்கும் வராத பகுதிக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு. அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் ஊர்களில் மண்ணும் மழையும் தொழிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 572 கிராமங்களை ஒப்பிட்டார்கள். 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகள் வந்தன. திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏழைக் குடும்பங்களில் ஏற்பட்ட இறப்பு, திட்டம் இல்லாத பக்கம் 0.90 சதவீதம், திட்டம் இருந்த பக்கம் 0.32 சதவீதம். அடுத்த சோதனைதான் இந்த ஆய்வின் உயிர். திட்டத்துக்குத் தகுதியில்லாத வசதியான குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். அங்கே இரு பக்கமும் வேறுபாடே இல்லை. எல்லையின் ஒரு பக்கம் வேறு ஏதோ காரணத்தால் நலமாக இருந்திருந்தால், வசதியானவர்களிடமும் அது தெரிந்திருக்கும். தெரியவில்லை. ஆகவே காப்பாற்றியது காப்பீடுதான்.

அதே கர்நாடகத்தில், 30,000 ரூபாய் வரம்பு கொண்ட மத்திய அரசின் பழைய காப்பீட்டுத் திட்டத்தை வைத்து 2015 முதல் 2018 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இன்னொரு சோதனை நடந்தது. மருத்துவமனைக்குப் போவது அதிகரித்தது. ஆனால் உடல்நலத்தில் சொல்லத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. அட்டையை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் திண்டாடிய குடும்பங்களும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் துலங்குகிறது. இதயம், புற்றுநோய் போல உயிரைக் காக்கும் திட்டவட்டமான சிகிச்சைகளுக்கு, அவற்றைச் செய்யத் திறமையுள்ள மருத்துவமனையோடு நோயாளியை இணைக்கும்போது காப்பீடு உயிர் காக்கிறது. அந்த இணைப்பு இல்லாதபோது அது வெறும் அட்டைதான்.

பணம் வாங்க முடியாதவை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம். அங்கே 2010-இல் தொடங்கிய அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் செஞ்சி, மரக்காணம், விக்கிரவாண்டி மக்களுக்குப் பெரிய ஆதாரம். அதற்கும் மேல் என்றால் புதுச்சேரி ஜிப்மர், அல்லது சென்னை.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்தவர்களை முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரிக்கும் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் இதைவிடக் கொடிய சாவுகள் நேர்ந்தன. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போதும் முண்டியம்பாக்கம், ஜிப்மர், சேலம் என்று பல ஊர்களுக்கு நோயாளிகள் அனுப்பப்பட்டார்கள். விஷச்சாராயத்தில் இருக்கும் மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி, கண் நரம்பை அழிக்கிறது. அதை வெளியேற்ற டயாலிசிஸ் உதவும். ஆனால் ஓர் இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் வைக்க முடியும், மணிக்கணக்கில் ஆகும். முன்னே சொன்ன நிபந்தனை இங்கேதான் உடைகிறது. துன்பம் தனித்தனியாக வராமல் மொத்தமாக வந்தால், நிதியில் பணம் இருந்தாலும் இயந்திரமும் தேர்ந்த கைகளும் அந்த இரவில் போதாது. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு நாடே அலைந்ததும் இதே காரணத்தால்தான்.

இப்படி அரிதாக இருப்பதைப் பகிர்வதைத்தான் ‘அருமைப் பங்கீடு’ என்கிறேன். தேவைக்குக் குறைவாக உள்ளதை யாருக்கு முதலில் கொடுப்பது? முதலில் வந்தவருக்கா, அதிக ஆபத்தில் இருப்பவருக்கா, பிழைக்க அதிக வாய்ப்புள்ளவருக்கா, குலுக்கல் போடுவதா? ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு; ஒன்றோடொன்று மோதவும் செய்யும்.

விபத்து, அவசரப் பிரிவுகளுக்குத் தமிழகம் ஏற்றுக்கொண்ட முறை ஆபத்தின் வரிசை. வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கிறார்கள். கை முறிந்து முதலில் வந்தவர் பச்சையில் காத்திருக்க, மூச்சுத் திணறலோடு பின்னால் வந்தவர் சிவப்புக்குப் போவார். அது ஆளைப் பார்த்துச் செய்யும் சலுகை அல்ல, உயிரைப் பார்த்துச் செய்யும் விதி. 2021 டிசம்பர் 18 அன்று திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமும் இந்த அறிவின் மேல் கட்டப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை வேண்டாம், வருமான வரம்பில்லை, வேறு மாநிலத்தவரானாலும் சரி. அடிபட்டவரிடம் அட்டையைத் தேடும் நிமிடங்கள்தான் அங்கே மிக அரிய பொருள். அவற்றை மிச்சப்படுத்துவதே திட்டத்தின் பொருளாதாரம்.

வரிசையில் ஒரு சிறுநீரகம்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தன. யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். அவர்கள் நோயாளியின் வருமானம், படிப்பு, வேலை, தேவாலயத்துக்குப் போகும் பழக்கம், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுத்தார்கள். 1962-இல் லைஃப் இதழில் செய்தி வெளியானபோது நாடு அதிர்ந்தது. யாருடைய வாழ்வுக்கு மதிப்பு அதிகம் என்று அண்டை வீட்டார் தீர்ப்பெழுதுவதை மனசாட்சி ஏற்கவில்லை. பிறகு 1972-இல் சட்டம் இயற்றி, ஏறத்தாழ எல்லோருக்கும் டயாலிசிஸ் செலவை அமெரிக்க அரசே ஏற்றது.

இயந்திரத்தைப் பணத்தால் பெருக்கலாம். சிறுநீரகத்தைப் பெருக்க முடியாது. அதை விலைக்கு வாங்குவதை 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் தடைசெய்திருக்கிறது; விற்கவிட்டால் ஏழையின் உடலே சந்தைக்கு வரும் என்பதால் அந்தத் தடை மிகச் சரி. எனவே சிறுநீரகம் கொடுக்கப் பொருத்தமான உறவினர் இல்லாதவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே அது கிடைக்கும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழகத்தின் மனப்போக்கையே மாற்றிய செயல் அது.

அதே ஆண்டு அரசு வகுத்த பங்கீட்டு விதிகளில் ஒரு நுட்பம் இருந்தது. தானம் நடந்த மருத்துவமனை ஒரு சிறுநீரகத்தைத் தன் நோயாளிக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றது பொதுப் பட்டியலுக்குப் போகும். இரண்டையும் பொதுவுக்குக் கொடுப்பதுதானே நியாயம் என்று தோன்றும். ஆனால் மூளைச்சாவைக் கண்டறிந்து, சான்றளித்து, உறவினரிடம் பேசி, உடலைப் பாதுகாப்பது மருத்துவமனைக்குக் கடும் உழைப்பு. அந்த உழைப்புக்கு ஊக்கம் இல்லாவிட்டால் பங்கிட உறுப்பே வராது. பங்கீட்டு விதி, இருப்பதைப் பகிர்வதோடு நிற்பதில்லை. எவ்வளவு இருக்கும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. 2014-இல் உருவான தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் இன்று வரிசையைப் பார்த்துக்கொள்கிறது. தானம் செய்தோர் எண்ணிக்கை 2023-இல் 178, 2024-இல் 268. ஒருவர் இரு சிறுநீரகங்கள் கொடுத்தாலும் காத்திருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அது எந்த மூலைக்கு? திண்டிவனத்து மனிதர் காத்திருப்பது இதனால்தான். அவரிடம் அட்டை இருக்கிறது. உலகில் அவருக்கான உறுப்பு இன்னும் கிடைக்கவில்லை.

வரிசையைக் குறைக்கும் வழி

சிறுநீரகம் கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணங்கள் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும். இரண்டையும் மலிவான மாத்திரைகளாலும் தவறாத பரிசோதனையாலும் கட்டுக்குள் வைக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையில் சேர்ந்தால்தான் காப்பீடு பணம் தரும். படுக்கையில் விழாமல் காப்பதற்குத் துணை சுகாதார நிலையத்துச் செவிலியர்தான் வேண்டும். 849-ஐ 1.37 கோடியால் பெருக்கினால் 1,160 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தச் செலவு தேவையானதே. அதோடு, செஞ்சி மலையடிவாரத்துக் கிராமத்தில் ரத்த அழுத்தம் பார்க்க ஆளும், முண்டியம்பாக்கத்தில் சிவப்புப் பிரிவில் போதிய படுக்கையும், இரவில் மயக்க மருந்து மருத்துவரும் இருக்கிறார்களா என்ற கேள்விக்கும் அதே முனைப்போடு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாக்குக் கேட்டு வருபவரிடம் காப்பீடு எத்தனை லட்சம் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வரும், டயாலிசிஸுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், மருத்துவர் பணியிடம் எத்தனை காலி என்றும் கேளுங்கள். முப்பது வயதைக் கடந்திருந்தால் இந்த வாரமே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். உறுப்பு தானத்தில் கடைசி முடிவு குடும்பத்தாருடையது என்பதால், உங்கள் விருப்பம் என்னவென்று வீட்டாரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.